என் நாற்காலி எப்படி வருமானம் ஆனது? – மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டை,
டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஓர் அறை இருக்கிறது. வடக்கே பார்த்த ஜன்னல், அதை ஒட்டி இரண்டு மேசைகள். இடது மேசை எனக்கு, வலது மேசை என் மனைவிக்கு. தலைக்கு மேலே ஒரே மின்விசிறி, சுவரில் ஒரே மோடம். கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டரும் ஒன்றுதான். நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளக்காரன். மனைவி சொந்தமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார்.

அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டும் ஒரே மாதிரி: கறுப்பு நிறம், உயர்ந்த முதுகு, கீழே ஐந்து சக்கரம். என்னுடையது 2020-இல் நிறுவனம் வாங்கி அனுப்பியது, பில் நிறுவனத்தின் பெயரில். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகுவலி தாங்காமல் மனைவியும் அதே மாதிரி ஒன்றைத் தன் காசில் வாங்கினார். விலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கணக்குக்கு வசதியாக ஆளுக்கு 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் சட்டம் இந்த இரண்டு நாற்காலிகளையும் எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன்.

மனைவியின் நாற்காலி அவர் தொழிலுக்கான அறைகலன். அதற்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் உண்டு. முதல் ஆண்டு 1,400 ரூபாய் அவர் வருமானத்தில் கழியும். அடுத்த ஆண்டு மிச்ச மதிப்பில் 10 சதவீதம், அதாவது 1,260. அப்படியே குறைந்துகொண்டு போகும். என் நாற்காலிக்கும் அதே 10 சதவீதம்தான், திசைதான் வேறு. நிறுவனத்துக்குச் சொந்தமான அசையும் பொருளை ஊழியர் பயன்படுத்தினால், அதன் அடக்க விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் ஊழியருக்குக் கிடைத்த சலுகை. அது சம்பளத்தோடு சேரும். ஆக, அவருக்கு 1,400 கழிகிறது, எனக்கு 1,400 கூடுகிறது. அவருடையது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது, என்னுடையது நாற்காலியின் துணி கிழிந்தாலும் அதே 1,400-தான். பத்து வருஷம் இதிலேயே உட்கார்ந்திருந்தால் நாற்காலியின் முழு விலையும் என் வருமானம் ஆகிவிடும். அப்போதும் நாற்காலி என்னுடையது அல்ல.

நிறுவனம் தந்த சலுகைகளைப் பட்டியலிடும் படிவம் 12பிஏ-வில் முதல் தடவை அந்த வரியைப் பார்த்துவிட்டு, எங்கள் தெரு முனையில் இருக்கும் ஆடிட்டர் அண்ணாச்சியிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார். "தம்பி, விதியில கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் விலக்கு எழுதியிருக்கான். நாற்காலிக்கு எழுதல. அவ்வளவுதான் விஷயம்" என்றார். உண்மைதான். 2009 டிசம்பரில் நீங்கள் அறிவித்த சலுகை மதிப்பீட்டு விதியில் மடிக்கணினியும் கணினியும் விலக்கு பெற்றிருக்கின்றன. நிறுவனம் கட்டும் தொலைபேசி, கைபேசிச் செலவுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கணினியை வைக்க ஒரு மேசையும் அதன் முன்னால் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாற்காலி அப்போது அலுவலகத்தில் இருந்தது.

எங்கள் சம்பளப் பிரிவைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பத்திரமான பக்கம் நின்று சேர்த்துவிடுகிறார்கள். வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால், "எங்களுக்கு அப்படி ஒன்றும் சேர்க்கவில்லையே, வேலைக்குக் கொடுத்த பொருள் எப்படிச் சலுகை ஆகும்?" என்கிறார்கள். அதுவும் நியாயமான வாதம்தான். ஒரே விதியை ஒரு நிறுவனம் ஒரு மாதிரியும் அடுத்த நிறுவனம் வேறு மாதிரியும் படிக்கிறது.

வரி என்று பார்த்தால் எவ்வளவு? இந்த ஆண்டு நான் புதிய வரிமுறையில் (விகிதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் கிடையாது) 20 சதவீதப் படியில் இருக்கிறேன். வரியின் மேல் விழும் செஸ்ஸோடு 20.8 சதவீதம். 1,400 ரூபாய்க்கு 291 ரூபாய் வரி. 291 ரூபாய்க்கா இவ்வளவு நீள மடல் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். என் அணியில் இருக்கும் ஒரு பையனுக்கு நிறுவனம் நாற்காலி அனுப்பவில்லை. "நீயே வாங்கிக்கொள், பணம் தருகிறோம்" என்று சொல்லி 14,000 ரூபாயைச் சம்பளத்தோடு போட்டது. அவனும் என் படிதான். அவன் பெயரில் நாற்காலி வாங்கியதால் 14,000-மும் அந்த ஆண்டே வருமானமாகி, வரி 2,912 ரூபாய் பிடித்தார்கள். நிறுவனம் ஒன்றுமே கொடுக்காமல் அவனே கைக்காசில் வாங்கியிருந்தால்? அப்போது சட்டத்தின் கண்ணில் நாற்காலியே கிடையாது. சம்பளக்காரர் தன் வேலைக்காகச் செய்யும் செலவைக் கழிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இல்லை. நிலையான கழிவு உண்டு, பழைய முறையில் தொழில்வரி உண்டு, அரசு ஊழியருக்கு ஒரு சின்ன விருந்தோம்பல் படி உண்டு. அத்தோடு சரி.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். 'சம்பளக்காரரின் செலவுக்குத்தானே நிலையான கழிவு? புதிய முறையில் அதை 75,000 ஆக்கிவிட்டோமே?' அதை நான் மறுக்கவில்லை. 2005-இல் எடுத்துவிட்ட அந்தக் கழிவு 2018-இல் 40,000 ரூபாயாகத் திரும்பி வந்தது. கூடவே, மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கும் ஆண்டுக்கு 15,000 மருத்துவச் செலவுக்கும் இருந்த விலக்குகள் போயின. அடுத்த ஆண்டு 50,000 ஆனது, 2024-இல் புதிய முறைக்கு 75,000. பஸ்ஸில் போகிறவருக்கும் மாடியறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே தொகை. நான் பஸ் காசை மிச்சம் பிடிக்கிறேன், கரண்டுக்குக் கொடுக்கிறேன். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க ஏசி ஓடினால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் மின்வாரியத்தின் கட்டணப் படியே மாறிவிடும். இருந்தாலும், 75,000-க்குள் அதெல்லாம் அடக்கம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். இந்த ஆண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரியே இல்லை என்பதையும் மறக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் பாதிப் பேருக்கு இந்த மடல் தேவையே இல்லாமல் போகலாம்.

ஆகவே சம்பளக்காரருக்கென்று இன்னொரு தனிக் கழிவு நான் கேட்கவில்லை. இதைச் சொன்னால் என் நண்பர்களே என்மேல் கோபப்படுவார்கள். அடுத்த நாடுகளைப் பார் என்பார்கள். பார்த்தேன். கனடா கொரோனா காலத்தில் நாளுக்கு இரண்டு டாலர் என்று கழிக்க விட்டது. 2020, 2021, 2022, மூன்றே ஆண்டுகள். பிறகு முதலாளி கையெழுத்திட்ட படிவமும் உண்மைச் செலவும் காட்டு என்று பழைய வழிக்கே போய்விட்டது. பிரிட்டன் வாரத்துக்கு ஆறு பவுண்ட் கழிக்க விட்டது. அதையும் 2026 ஏப்ரலோடு நிறுத்துவதாக இப்போது நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஊழியருக்கு 2018 முதலே கிடையாது. ஜெர்மனி மட்டும் நாளுக்கு ஆறு யூரோ, ஆண்டுக்கு 1,260 யூரோ வரை என்று நிலையாக நிற்கிறது. பொதுவாகக் கழிவு என்று திறந்துவிட்டால் வேலை செய்யாத அறையெல்லாம் அலுவலகம் ஆகிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். வாடகை ரசீது விஷயத்தில் நம்மவர்கள் காட்டிய கைவரிசையைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2020-இல் ஊருக்குத் திரும்பி அப்பா வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வாடகைப்படி விலக்கு போயிற்று. உடனே எத்தனை அப்பாக்கள் திடீரென்று வீட்டுக்காரர் ஆனார்கள்! உண்மையாகவே மாதாமாதம் அப்பா கணக்குக்குப் பணம் போட்டு, அப்பாவும் அதை வருமானமாகக் காட்டியவர்கள் உண்டு. ரசீதுப் புத்தகம் மட்டும் வாங்கியவர்களும் உண்டு.

நான் கேட்பது வேறு. வேலைக்காக முதலாளி கொடுத்த பொருளை என் வருமானம் என்று எழுதாதீர்கள்.

இதைக் கேட்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. வருமான வரிச் சட்டம், 2025 கடந்த ஆகஸ்ட் 21-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றுவிட்டது. வரும் ஏப்ரல் 1 முதல் அதுதான் சட்டம், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓய்வு. சட்டத்தில் மாற்றம் வேண்டுமானால் நாடாளுமன்றம் போக வேண்டும். ஆனால் சலுகைகளை எப்படி மதிப்பிடுவது என்பது விதியில் வருகிறது, விதியை எழுதுவது நீங்கள். புதிய சட்டத்துக்கான விதிகளைப் புதிதாக எழுதியாக வேண்டிய நேரம் இது. பழைய விதியில் 'மடிக்கணினி, கணினி' என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக முதலாளி கொடுக்கும் மேசை, நாற்காலி, இன்வெர்ட்டர் என்று மூன்று சொல் சேர்த்தால் போதும். தங்க முலாம் பூசிய நாற்காலி வாங்கிவிடுவார்கள் என்று தோன்றினால் ஒரு உச்சவரம்பு வையுங்கள். நாற்காலியை நிறுவனம் வாங்கி அனுப்பினாலும், ஊழியர் வாங்கிப் பில்லைக் கொடுத்துப் பணம் பெற்றாலும் ஒரே மாதிரி நடத்துங்கள். நம் பையன் 2,912 கட்டியதற்கு, பில்லில் யார் பெயர் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பிராட்பேண்டையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். தொலைபேசி என்று மட்டும் இருப்பதால் ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கத்துக்கு இது புரியாத விஷயம் அல்ல. 2022 ஜூலையில் வணிக அமைச்சகம் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு 43ஏ என்று ஒரு விதி கொண்டுவந்தது. மண்டலத்து நிறுவனங்கள் பாதி ஊழியர்களை ஓராண்டு வரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாம், மடிக்கணினி முதலிய கருவிகளைத் தீர்வை கட்டாமல் மண்டலத்துக்கு வெளியே கொண்டுபோகலாம் என்றது. அப்போது வீடு வேலை செய்யும் இடமாக ஒத்துக்கொள்ளப்பட்டது. நிறுவனத்துக்கு ஒரு கணக்கு, அதில் வேலை செய்கிறவருக்கு ஒரு கணக்கா?

சரி, என் மேசையை விட்டுவிடுகிறேன். வலது பக்க மேசைக்கு வருவோம், அங்கேதான் சிக்கல் அதிகம்.

வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்தால் அந்தப் பகுதிக்கான வாடகையைக் கழிக்கலாம் என்று 1961 சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. புதிய முறைக்கு மாறினாலும் தொழில் செலவுக்குத் தடை இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. எவ்வளவு கழிக்கலாம் என்றால், அந்தப் பகுதியின் ஆண்டு மதிப்பைக் கருத்தில் கொண்டு மதிப்பீட்டு அதிகாரி தீர்மானிக்கும் தொகை. இங்கேதான் மனைவி தலையில் கை வைத்தார். எங்கள் வீடு 900 சதுர அடி, வாடகை மாதம் 12,000. அறை 120 சதுர அடி, அதில் பாதி நான் உட்கார்ந்திருக்கும் பக்கம். மிச்சம் 60 சதுர அடி, வீட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. வருஷ வாடகை 1,44,000-இல் அது 9,600. அண்ணாச்சியின் கணக்கு இது. மனைவியின் தோழி வேறொரு ஆடிட்டரிடம் போகிறார். அந்த ஆடிட்டர் சதுர அடி பார்ப்பதில்லை, அறைகளை எண்ணுகிறார். அந்த வழியில் எங்கள் வீட்டில் ஹால், அடுக்களை, இரண்டு அறை, மொத்தம் நான்கு. அதில் ஒன்றில் பாதி, எட்டில் ஒரு பங்கு, 18,000. இரண்டில் எது சரி? அதிகாரி தீர்மானிப்பார். இப்போது மதிப்பீடு எல்லாம் முகமறியா முறை. எந்த ஊரில் இருக்கும் எந்த அதிகாரி எங்கள் மாடியறையைப் பற்றித் தீர்மானிப்பார் என்பது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் எங்களைத் தெரியாது. அறையின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டார். சிரித்துவிட்டுத்தான் கேட்டார், ஆனால் எடுத்து வைத்திருக்கிறார்.

அப்புறம் பில்கள். வாடகை ஒப்பந்தம் என் பெயரில். நான் முழு வாடகையும் கட்டினால் அது எப்படி அவர் செலவாகும்? அதனால் அவர் பங்கு 800 ரூபாயை மாதாமாதம் அவர் கணக்கிலிருந்தே வீட்டுக்கார அம்மாவுக்கு அனுப்பச் சொன்னார் அண்ணாச்சி. முதல் மாதம் அந்த அம்மா ஓடி வந்துவிட்டார்: "ஏம்மா, எண்ணூறு ரூவா எதுக்கு வந்திருக்கு? வாடகையப் பிரிச்சுத் தாரீங்களோ?" கரண்ட் பில் அந்த அம்மா பெயரில். பிராட்பேண்ட் என் பெயரில், அதை என் நிறுவனம் கொடுத்துவிடுகிறது, ஆகவே மனைவி அதைத் தொடவே கூடாது. நான் பழைய முறையில் இருந்து முழு வாடகைக்கும் விலக்கு கேட்டிருந்தால், அந்த 9,600 ஒரே சமயத்தில் இருவர் கணக்கிலும் ஏறி வம்பில் முடிந்திருக்கும்.

எதிர்வீட்டுக் கட்டடக்கலைஞருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அவர் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் இருக்கிறார். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள், ரொக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள். வரவில் பாதியை வருமானம் என்று காட்டிவிட்டால் போதும். அறை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் மறுபாதிக்குள் அடங்கிவிட்டன. தனியாக எதையும் கழிக்க முடியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர், உள்அலங்காரக்காரர், திரைக்கலைஞர், தகவல் தொழில்நுட்பத்தார் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இல்லை. வீட்டில் ஒரு மூலையும் ஒரு மேசையும் தவிர வேறு முதலீடே இல்லாத தொழிலுக்கு அந்த வசதி இல்லை.

தோழியின் கதை இன்னும் ஒரு படி மேலே. அவர் சொந்த வீட்டில் இருக்கிறார். தனக்குத்தானே வாடகை கொடுத்ததாகக் காட்ட முடியாது, அது சரிதான். அதற்குப் பதில் பழுதுபார்ப்பு, வீட்டுவரி, கடன் வட்டி ஆகியவற்றில் அறையின் பங்கையும், அறைக்குத் தேய்மானத்தையும் கழிக்கலாம் என்று அவருடைய ஆடிட்டர் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டது ஒன்று: தேய்மானம் எடுத்த பகுதியை எப்போதாவது விற்றால், எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அந்தப் பகுதியின் ஆதாயம் 50-ஆம் பிரிவின்படி குறுகியகால ஆதாயம். இன்று வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயைக் கழித்துவிட்டு, பதினைந்து வருஷம் கழித்து வீட்டை விற்கும் நாளில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டி வரலாம். இதை ஒரு எளிய கேள்வி பதில் குறிப்பாகத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் நீங்கள் வெளியிட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

38-ஆம் பிரிவுக்குக் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. சதுர அடி விகிதத்தில் கழித்தால் துறை கேள்வி கேட்காது, இவ்வளவு சதுர அடி வரை என்று ஒரு சுற்றறிக்கை. அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவருக்குச் சதுர அடிக்கு ஐந்து டாலர், 300 சதுர அடி வரை என்று ஒரு சுருக்குவழி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டு மின்கட்டண ஆணையிலேயே வழி இருக்கிறது. தொழில்முறையாளரின் வீட்டை ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் அதுவும் வீட்டுக் கட்டணத்தில்தான் சேரும் என்று அதில் ஒரு வரி உண்டு. ரீடிங் எடுக்க வருபவர் அறையைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், போய்விடுகிறார். மின்வாரியத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் இந்த ஒரு வரிக்காக அவர்களைப் பாராட்டுவேன்.

இந்த மடலை எழுதி முடிக்கும்போது சம்பளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நிறுவனம் கொடுத்த பொருட்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஜனவரி 10-க்குள் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். என் நாற்காலியின் இடது கைப்பிடி ஆடுகிறது, ஒரு சக்கரம் சுற்றுவதில்லை. மனைவியின் கணக்கில் அவருடைய நாற்காலிக்கு இப்போது பாதி விலைக்குச் சற்று மேலே மதிப்பு இருக்கிறது. என் படிவத்தில் என் நாற்காலி இன்னும் புத்தம் புதிது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாதச் சம்பளக்காரன்

இணைப்பு: இரண்டு நாற்காலிகளின் பில் நகல், சாக்பீஸ் கோடு போட்ட அறையின் போட்டோ ஒன்று.